தெற்குப் பக்கத்தை மூடிவிடாதீர்கள்: நைரோபி தேசியப் பூங்காவுக்காக ஒரு திறந்த மடல்

கென்ய வனவிலங்குச் சேவையின் பொறுப்பாளர்களுக்கும், கஜியாடோ கவுன்டி அரசுக்கும்,

வணக்கம்.

நைரோபி தேசியப் பூங்காவின் வடக்கிலும் கிழக்கிலும் மேற்கிலும் வேலி இருக்கிறது. தெற்கில் இல்லை. அங்கே எம்பகாதி ஆறுதான் எல்லை. இந்த மடல் அந்த ஆற்றைப் பற்றியும், அதற்கு அப்பால் கஜியாடோ கவுன்டியில் இருக்கும் நிலத்தைப் பற்றியும், அந்த நிலத்தில் வாழும் குடும்பங்களைப் பற்றியும்தான். உங்களிடம் நான் கேட்பது இதுதான்: அந்தப் பக்கம் திறந்தே இருக்கட்டும். ஆனால் அதற்கான விலையை ஆற்றுக்கு அப்பால் இருப்பவர்கள் தலையில் மட்டும் கட்டாதீர்கள். பூங்காவைப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாக வீடு திரும்பும் எங்களிடமிருந்து வாங்கி அவர்களுக்குக் கொடுங்கள்.

நைரோபியில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பம் எங்களுடையது. ஊரிலிருந்து யார் வந்தாலும் ஒரு நாள் இந்தப் பூங்காவுக்குத்தான் கூட்டிக்கொண்டு போவோம். மாசாய் மாரா என்ற பெரிய வனவிலங்குக் காப்பகத்துக்குப் போக நேரமும் பணமும் வேண்டும். இது நகரத்தின் நடுவிலிருந்து வெறும் 7 கிலோமீட்டர். காலையில் போய்விட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து சமைத்துச் சாப்பிடலாம். வேலைக்கும் வியாபாரத்துக்கும் வந்தவர்கள், விமானம் மாறும்போது ஒரு பகல் கையில் மிஞ்சியவர்கள் என்று நம் ஆட்கள் நிறையப் பேர் இப்போது அந்த வாசலில் நிற்கிறார்கள். அவர்களும் படிக்க வேண்டும் என்பதால் தமிழில் எழுதுகிறேன். உங்கள் அலுவலகத்துக்கு இதையே ஆங்கிலத்திலும் அனுப்புகிறேன்.

உங்கள் பூங்காவில் ஒரு நாள் எங்களுக்கு எப்படிப் போகிறது என்பதை முதலில் சொல்கிறேன். நாங்கள் எதைப் பார்க்கிறோம், எதைப் பார்க்காமலே வந்துவிடுகிறோம் என்பது அதிலேயே தெரியும்.

காலை ஆறு மணிக்கு லங்காட்டா சாலை வாசலில் நிற்போம். ஆப்பிரிக்கா என்றாலே வெயில் என்று நினைத்து மெல்லிய சட்டையோடு வந்த விருந்தாளிகள் ஜூலை மாதக் குளிரில் நடுங்குவார்கள். இந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று அப்போதுதான் அவர்களுக்கு உறைக்கும். கூரை திறக்கும் வேன். ஓட்டுநரே வழிகாட்டியும். உள்ளே நுழைந்ததும் மேற்குப் பக்கத்தில் காடு, அதில் குரங்குகள், இலை மறைவில் நின்று நம்மையே பார்க்கும் மான்கள். கொஞ்ச தூரத்தில் தந்தம் எரித்த இடம். 1989 ஜூலையில் அதிபர் டேனியல் அராப் மோய் 12 டன் யானைத் தந்தத்துக்கு அங்கே தீ வைத்தார். அதே ஆண்டு அக்டோபரில் தந்தத்தின் சர்வதேச வணிகத்துக்கு உலக நாடுகள் தடை விதித்தன. 2016 ஏப்ரலில் அதே இடத்தில் 105 டன் எரிக்கப்பட்டது. சாம்பல் மேடுகளை நான் பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டுவேன். இந்தப் பூங்காவில் யானைகள் சுற்றித் திரிவதில்லை. ஷெல்ட்ரிக் அறக்கட்டளை வளர்க்கும் தாயில்லாக் குட்டிகள் மட்டும் ஒரு மூலையில் இருக்கின்றன. யானை இல்லாத பூங்காவில்தான் யானைக்காக உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தீர்கள். அதற்காக உங்கள் நாட்டின் மேல் எனக்கு உள்ள மரியாதை பெரிது.

அப்புறம் காடு முடிந்து புல்வெளி விரியும். எருமைக் கூட்டம், வரிக்குதிரை, கொங்கோனி மான், மாட்டைவிடப் பெரிதாக நிற்கும் ஈலண்ட் மான், நெருப்புக்கோழி, நீண்ட கால்களோடு பாம்பு தேடி நடக்கும் செக்ரட்டரி பறவை. இங்கே பதிவான பறவை இனங்கள் 400-க்கும் மேல். புல்வெளியில் குட்டையான முள்மரங்கள் நிற்கும். முள்ளின் அடியில் பந்து பந்தாக வீங்கியிருக்கும். உள்ளே எறும்புகள் குடியிருக்கும். எறும்பு போட்ட துளைகளில் காற்று புகுந்தால் விசில் சத்தம் வரும். வேனை அணைத்துவிட்டு அதைக் கேட்கச் சொல்லும் ஓட்டுநர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் அமைந்தால் அந்த நாளே வேறு மாதிரி இருக்கும்.

கறுப்புக் காண்டாமிருகம் இங்கே கண்ணில் படுவதைப் போல எளிதாகப் படும் இடங்கள் ஆப்பிரிக்காவிலேயே கொஞ்சம்தான். கென்யாவின் மற்ற காடுகளுக்குக் காண்டாமிருகம் அனுப்பி வைத்த தாய்வீடு இது. சிங்கம் அன்றன்றைய அதிர்ஷ்டம்.

எல்லோரும் எடுக்கும் ஒரு படம் உண்டு. முன்னால் ஒட்டகச்சிவிங்கி, பின்னால் நைரோபியின் உயரமான கட்டடங்கள். உலகத்தில் வேறு எந்தத் தலைநகரத்திலும் கிடைக்காத படம் என்று பெருமையாகச் சொல்வார்கள். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அந்தப் படத்தை எடுக்க எல்லோரும் நகரம் இருக்கும் திசையைத்தான் பார்க்கிறோம். அந்த ஒட்டகச்சிவிங்கிக்குத் தலைமுறை தலைமுறையாகச் சோறு போடும் நிலம் நம் முதுகுக்குப் பின்னால், தெற்கே இருக்கிறது. அதை யாரும் படம் எடுப்பதில்லை.

மதியம் ஆற்றோரத்தில் நீர்யானைக் குளங்களுக்குப் போவோம். அங்கே வேனை விட்டு இறங்கலாம். துப்பாக்கி ஏந்திய உங்கள் ரேஞ்சர் ஒருவர் கூடவே நடந்து வருவார். ஒரு முறை என் பெரியப்பா ஆற்றின் அக்கரையைக் காட்டி அவரிடம் கேட்டார், "தம்பி, இங்கே வேலி எங்கே?" நான் மொழிபெயர்த்தேன். ரேஞ்சர் சொன்னார்: "இங்கே வேலி இல்லை. இருந்தால் இவ்வளவு தூரம் வந்து நீங்கள் பார்க்க எதுவும் மிஞ்சியிருக்காது." பெரியப்பா அடுத்துக் கேட்டது எனக்கு மறக்கவில்லை. "அப்படியென்றால் அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு யார் பதில் சொல்கிறார்கள்?" ரேஞ்சர் சிரித்துவிட்டு, அதை அதிகாரிகளிடம்தான் கேட்க வேண்டும் என்றார். அதனால் உங்களிடம் கேட்கிறேன்.

பூங்காவின் பரப்பு 117 சதுர கிலோமீட்டர். புல் மேயும் ஆயிரக்கணக்கான விலங்குகளுக்கும், அவற்றைத் தின்று வாழும் சிங்கங்களுக்கும் இது போதாது. போதும் என்று யாரும் எப்போதும் நினைக்கவும் இல்லை. வறண்ட மாதங்களில் பூங்காவுக்குள் இருக்கும் அணைகளையும் ஆற்றையும் தேடி விலங்குகள் உள்ளே வரும். மழை தொடங்கியதும் தெற்கே ஆத்தி–கபிட்டி சமவெளிக்குப் போய்விடும். அங்கே புல் குட்டையாக, சத்தாக இருக்கும். மறைவு இல்லாததால் சிங்கம் வருவது தூரத்திலேயே தெரியும். மாடு போலத் தோன்றும் மானினமான வில்டபீஸ்ட்டுகள் கன்று ஈனுவதற்கு அந்தத் திறந்தவெளியைத்தான் நாடும். பூங்கா என்பது அந்தப் பெரிய சமவெளியின் வறட்சிக்கால மூலை, அவ்வளவுதான். மூலைக்கு வாசல் வைத்து டிக்கெட் கிழிக்கிறோம். மிச்சம் முழுவதும் வாசலுக்கு வெளியே இருக்கிறது.

அந்த மிச்சத்துக்கு என்ன ஆனது என்பது உங்கள் நாட்டு ஆராய்ச்சியாளர்களின் கணக்கெடுப்புகளிலேயே இருக்கிறது. 1970களின் இறுதியில் இந்தச் சமவெளியில் கிட்டத்தட்ட 30,000 வில்டபீஸ்ட்டுகள் இருந்தன. 2010களின் தொடக்கத்தில் அது 5,000-க்கும் கீழே போய்விட்டது. மாராவின் இடப்பெயர்ச்சியை உலகமே தொலைக்காட்சியில் பார்க்கிறது. தலைநகரத்தின் வாசற்படியில் ஒரு இடப்பெயர்ச்சி இருந்ததும், அது நம் காலத்திலேயே ஒடுங்கிப்போனதும் நைரோபியில் வாழும் பலருக்கே தெரியாது.

யார் மீது குற்றம் சொல்வது? அந்த நிலத்தில் மாடு மேய்த்து வாழும் மாசாய் இனக் குடும்பங்கள் மீது நான் சொல்ல மாட்டேன். இந்தப் பூங்கா 1946-இல் திறந்தபோது அது கென்யாவின் முதல் தேசியப் பூங்கா. அதற்காகப் போராடிய மெர்வின் கோவி, அதற்கு முன்பு ஒரு செய்தித்தாளில் 'பழைய குடியேறி' என்ற புனைபெயரில், காட்டு விலங்குகளையெல்லாம் கொன்று தீர்த்துவிட வேண்டும் என்று கடிதம் எழுதினார். மக்களைக் கோபப்பட வைப்பதற்காக வேண்டுமென்றே எழுதியது. கோபம் வந்தது, குழு அமைந்தது, பூங்காவும் வந்தது. ஒரு கடிதத்தால் இவ்வளவு நடந்திருக்கிறது என்பது எனக்கும் எழுதத் தைரியம் தருகிறது. ஆனால் அந்தக் கதையில் யாரும் சேர்த்துச் சொல்லாத ஒன்று இருக்கிறது. அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த மாசாய்கள் வெளியேற்றப்பட்டார்கள். அதற்கும் முன்பே, 1904-லும் 1911-லும் நடந்த ஒப்பந்தங்களின் பெயரில், ஆங்கிலேய ஆட்சி அவர்களின் மிக நல்ல மேய்ச்சல் நிலங்களைப் பறித்துத் தெற்கே தள்ளியிருந்தது. இன்று ஆற்றுக்கு அக்கரையில் இருப்பவர்கள் அவர்களின் பேரப்பிள்ளைகள். பூங்காவுக்காக ஒரு முறை நிலத்தைக் கொடுத்துவிட்டவர்கள். அவர்களிடமே போய், பூங்காவுக்காக மறுபடியும் உங்கள் நிலத்தைத் திறந்து வையுங்கள் என்று கேட்கும்போது வெறும் கையோடு கேட்பது நியாயமில்லை.

அவர்கள் தரும் விலை என்னவென்று சுற்றுலாப் பயணிகளுக்குத் தெரியாது. ஒரு உதாரணம் சொல்கிறேன். வில்டபீஸ்ட் கன்று ஈனும் மாதங்களில் அந்தக் கன்றுகளிடமிருந்து ஒரு வைரஸ் மாடுகளுக்குத் தொற்றும். வில்டபீஸ்ட்டுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. மாட்டுக்கு அந்த நோய் வந்தால் பிழைப்பது அரிது. அதனால் மாசாய்கள் அந்த மாதங்களில் மாடுகளை ஓட்டிக்கொண்டு வேறு இடம் போகிறார்கள். புல் மிக நன்றாக இருக்கும் நேரத்தில், சொந்த நிலத்தின் மிக நல்ல புல்லைக் காட்டு விலங்குக்கு விட்டுவிட்டுப் போகிறார்கள். காலங்காலமாக இதைச் செய்கிறார்கள். இதற்கு ரசீது இல்லை, நன்றி சொல்லும் பலகைகூட இல்லை.

சிங்கம் அடிக்கும் ஆடு மாடுகள் தனிக் கணக்கு. 2012 ஜூனில் பூங்காவுக்குத் தெற்கே உள்ள கிட்டெங்கேலாவில் ஒரு தொழுவத்துக்குள் புகுந்து ஆடுகளைக் கொன்ற சிங்கங்களை ஊர்மக்கள் சூழ்ந்து ஆறையும் கொன்றுவிட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்துப் பதறியவர்களில் எத்தனை பேர் ஆடுகள் யாருடையவை என்று கேட்டார்கள்? அதே கிட்டெங்கேலா பக்கத்தில்தான் ரிச்சர்ட் துரேரே என்ற சிறுவன், பழைய கார் பேட்டரியையும் டார்ச் விளக்குகளையும் வைத்து, இரவில் விட்டு விட்டு மின்னும் விளக்கு வரிசை ஒன்றை அமைத்தான். யாரோ நடமாடுகிறார்கள் என்று நினைத்துச் சிங்கங்கள் விலகிப் போயின. 2013-இல் அந்தப் பையன் உலக மேடையில் நின்று அதை விளக்கினான். நான் சொல்ல வருவது, இணைந்து வாழ்வதற்கான அறிவு அக்கரையில் ஏற்கெனவே இருக்கிறது. பணமும் ஆள்பலமும்தான் இக்கரையில் இருக்கின்றன.

2016 மார்ச்சில் மோஹாக் என்ற ஆண் சிங்கம் பூங்காவை விட்டுத் தெற்கே இசின்யா என்ற ஊர் வரை போய், கூட்டம் சூழ்ந்து, ஒருவரைக் காயப்படுத்தி, கடைசியில் ரேஞ்சர்களால் சுடப்பட்டு இறந்தது. அதற்காக நாடே அழுதது. 2025 ஏப்ரலில் பூங்காவை ஒட்டிய ஒரு பண்ணையில் 14 வயதுச் சிறுமியைச் சிங்கம் இழுத்துப்போய்க் கொன்றது. இதை எழுதும்போது கை தயங்குகிறது. தெற்குப் பக்கம் திறந்திருக்க வேண்டும் என்று கேட்கும் எவரும் அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு முன்னால் நின்றும் அதையே சொல்ல முடிய வேண்டும். வேலி போட்டுவிடுங்கள் என்று அந்த வீட்டார் கேட்டால் அது பேராசை இல்லை, முழுக்க முழுக்க நியாயமான பயம்.

எனவே வேலி என்ற யோசனையை நான் அலட்சியப்படுத்தவில்லை. 2020-இல் வெளியான உங்கள் மேலாண்மைத் திட்ட வரைவில் தெற்கிலும் வேலி போடும் யோசனை இருந்தது, அதற்குப் பலத்த எதிர்ப்பும் எழுந்தது. வேலியால் நன்மையே இல்லை என்று சொல்ல முடியாது. நகுரு ஏரிப் பூங்கா முழுவதும் வேலிக்குள் இருக்கிறது. அழிவின் விளிம்பில் இருந்த காண்டாமிருகங்களைக் காக்க அது பெரிதும் உதவியது. ஆனால் முழுக்க அடைத்த இடத்தில் ஒரு விலங்கு பெருகினால் லாரியில் ஏற்றி வெளியே கொண்டுபோக வேண்டும், குறைந்தால் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். அந்த வேலை எவ்வளவு ஆபத்தானது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2018-இல் நைரோபியிலிருந்தும் நகுருவிலிருந்தும் சாவோ கிழக்குத் தேசியப் பூங்காவுக்குக் கொண்டுபோன 11 கறுப்புக் காண்டாமிருகங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆண்டுதோறும் தானாக ஆற்றைக் கடந்து போய்வந்த கூட்டங்களை நிறுத்திவிட்டு, அந்த வேலையை லாரிகளை வைத்து நாம் செய்ய முடியாது. 117 சதுர கிலோமீட்டருக்குள் அடைபட்ட சிங்கங்கள் சில தலைமுறைகளில் தங்கள் உறவுக்குள்ளேயே இனம் பெருக்கும். மழைக்காலத்தில் மேய ஆள் இல்லாமல் வளர்ந்து முற்றும் புல்லில், குட்டைப் புல் தேடும் விலங்குகள் நிற்காது. வேலி போட்டால் அக்கரைப் பயம் குறையும், ஆனால் இக்கரையில் மிஞ்சுவது பெரிய மிருகக்காட்சி சாலைதான்.

நகரம் இந்தப் பூங்காவிடம் ஏற்கெனவே நிறைய வாங்கிக்கொண்டது. தெற்குப் புறவழிச்சாலை ஒரு விளிம்பை எடுத்தது. மொம்பாசாவிலிருந்து வந்த புதிய ரயில் பாதை ஒரு மூலையைத் தொட்டது. பிறகு நைவாஷாவுக்குப் போகும் பாதை பூங்காவின் குறுக்கே சுமார் 6 கிலோமீட்டர் நீளப் பாலத்தில் ஏறிப் போனது. வழக்கு, தீர்ப்பாயத்தின் தடை, போராட்டம் எல்லாம் நடந்தன. 2019 அக்டோபரில் ரயிலும் ஓடத் தொடங்கியது. தூண்களுக்கு நடுவே வரிக்குதிரைகள் மேய்வதை இப்போது பார்க்கிறோம். முடிந்துபோன அந்தச் சண்டையைக் கிளறுவது என் நோக்கமில்லை. மூன்று பக்கமும் நகரம் நெருக்கிவிட்ட பிறகு பூங்காவுக்கு மூச்சு விட மிஞ்சியிருப்பது ஒரே பக்கம். அந்தப் பக்கத்தில் அவசரம் காட்டாவிட்டால் வேலி போடலாமா வேண்டாமா என்ற விவாதத்துக்கே தேவை இருக்காது. வீட்டு மனைகள் அதை முடிவு செய்துவிடும்.

அது ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. 1980களில் கிட்டெங்கேலாவின் கூட்டுப் பண்ணை நிலம் குடும்பவாரியாகப் பிரிக்கப்பட்டுத் தனிப் பட்டாவாகக் கைக்கு வந்தது. அப்புறம் பக்கத்தில் ஆத்தி ரிவர் என்ற ஊரில் ஏற்றுமதித் தொழிற்பேட்டை வந்தது, நமங்கா சாலையோரம் கடைகள் வந்தன, வாடகை வீடுகள் வந்தன. பள்ளிக் கட்டணத்துக்கும் மருத்துவத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நிலத்தை விற்றார்கள். வாங்கியவர் முதலில் செய்வது கம்பி வேலி போடுவது. அரசாங்கம் போடாத வேலியைச் சின்னச் சின்ன மனைகள் சேர்ந்து போட்டுவிட்டன.

இதற்கு ஒரு மருந்து கண்டுபிடிக்கப்பட்டிருந்தது என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. 2000-இல் தொடங்கிய நிலக் குத்தகைத் திட்டத்தில், நிலத்துக்கு வேலி போடாமல், மனை பிரித்து விற்காமல், கல்குவாரி வைக்காமல், விலங்குகள் போய்வர விட்டால் ஏக்கருக்கு ஆண்டுக்கு 4 டாலர் என்று குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். பள்ளி திறக்கும் மாதங்களைப் பார்த்து, கட்டணம் கட்டும் சமயத்தில் பணம் கையில் கிடைக்கும்படி தவணை வைத்தார்கள். இதை யோசித்தவர்கள் அந்தக் குடும்பங்களின் ஆண்டு எப்படி நகர்கிறது என்று தெரிந்தவர்கள். எந்த மாதத்தில் ஒரு தாய் நிலத்தை விற்கச் சம்மதிப்பாள் என்று பார்த்து, அந்த மாதத்துக்கு முன்னால் போய் நின்ற திட்டம் அது. பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள், வரிக்குதிரைகளும் போய்வந்தன. ஆனால் அது பெரும்பாலும் நன்கொடையை நம்பி ஓடியது. நன்கொடையாளர் இன்று வருவார், நாளைக்கு வேறு கண்டத்துக்குப் போய்விடுவார். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் வருடம் தவறாமல் வரும்.

வருடம் தவறாமல் வரும் இன்னொன்று உங்கள் வாசலில் இருக்கிறது: நாங்கள் கட்டும் நுழைவுக் கட்டணம்.

அதில் ஒரு பங்கு எம்பகாதி ஆற்றைக் கடந்து போக வேண்டும் என்று விதியாகவே எழுதுங்கள். எத்தனை சதவீதம் என்பதை அக்கரைக் குடும்பங்களை உட்கார வைத்துப் பேசித் தீர்மானியுங்கள். நாங்கள் காசைக் கையில் கொடுத்து நுழைவதில்லை, இணையத்தில்தான் கட்டுகிறோம். அந்த ரசீதிலேயே இந்தப் பங்கைத் தனி வரியாகக் காட்டுங்கள்: இது தெற்கு நிலக் குத்தகைக்கு என்று. கட்டணம் கூடினால் சத்தம் போடும் பயணிகள்கூட, எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்தால் மனதாரக் கொடுப்பார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பயணிகளிடம் கொஞ்சம் கூடுதலாகவே வாங்கலாம். விமானச் சீட்டுக்கும் விடுதிக்கும் செலவு செய்தவர்களுக்கு இது பாரமில்லை. கென்யப் பள்ளிப் பிள்ளைகளிடம் மட்டும் ஒரு ஷில்லிங்கும் கூட்டாதீர்கள். அவர்கள் வரிசையாகப் பேருந்தில் வந்து இறங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் இந்தப் பூங்காவுக்கு நாளைக்கும் ஆள் இருக்கிறது என்று தோன்றும்.

குத்தகைத் தொகையும் இன்றைய நில விலையோடு ஒட்டியதாக இருக்க வேண்டும். 2000-இல் ஏக்கருக்கு 4 டாலர் என்பது ஒரு தொடக்கம். மனை விற்பவர் கொடுக்கும் தொகைக்கு முன்னால் அது இப்போது நிற்காது. பூங்காவை ஒட்டிய எல்லா நிலத்தையும் மீட்பது நடக்காத காரியம் என்று எனக்கும் தெரிகிறது. விலங்குகள் இன்னும் நடந்து போகும் தடங்கள் எவை என்று உங்களுக்குத் தெரியும். முதலில் அந்தத் தடங்களில் இருக்கும் குடும்பங்களோடு நீண்ட கால ஒப்பந்தம் போடுங்கள். ஆற்றை ஒட்டி நரெட்டுனோய் சமூகக் காப்பகம் போல நிலக்காரர்களே ஒன்றுசேர்ந்து விலங்குகளுக்கு இடம் விட்டிருக்கும் இடங்கள் இருக்கின்றன. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம், அவற்றின் கையைப் பலப்படுத்தினால் போதும்.

இழப்பீடு பற்றி ஒன்று. உங்கள் நாட்டின் 2013-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம், விலங்கால் ஒருவர் இறந்தால் குடும்பத்துக்கு 50 லட்சம் ஷில்லிங் என்று சொல்கிறது. சட்டம் நன்றாக இருக்கிறது. அந்தப் பணத்துக்காக வருடக்கணக்கில் காத்திருக்கும் குடும்பங்கள் நாடு முழுவதும் இருக்கின்றன என்பதும் உங்கள் நாடாளுமன்றத்திலேயே பேசப்பட்ட விஷயம். இறந்த மாட்டுக்கான பணம் அடுத்த சந்தை நாளுக்குள் வரவில்லை என்றால் ஈட்டியும் விஷமும்தான் பதில் சொல்லும். தெற்கு எல்லைக்கு மட்டுமாவது தனி நிதி, தனி அலுவலர், கெடு வைத்த நாட்கள் என்று ஏற்பாடு செய்யுங்கள். இரவில் மாடுகளை அடைக்கும் தொழுவங்களுக்கு உறுதியான கம்பி வலை, மின்னும் விளக்குகள், கூப்பிட்டால் உடனே வரும் ரேஞ்சர் குழு. பிள்ளைகள் நடமாடும் வீடுகளுக்கு இவை எல்லாவற்றுக்கும் முன்னுரிமை. வேலி வேண்டும் என்றால் அதை வீட்டையும் தொழுவத்தையும் சுற்றிப் போடுங்கள், சமவெளியைச் சுற்றி வேண்டாம்.

கஜியாடோ கவுன்டி அரசுக்கு: மனைப் பிரிவுக்கு அனுமதி கொடுக்கும் கை உங்களுடையது. பூங்கா எல்லை உங்களுக்கு வெளியே இருக்கலாம், அதன் ஆயுள் உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. விலங்குத் தடங்களில் புதிய பிரிவுகளுக்கும் குவாரிகளுக்கும் அனுமதியை நிறுத்தி வையுங்கள். அப்படி நிறுத்துவதால் நிலக்காரருக்கு வரும் நஷ்டத்தை நுழைவுக் கட்டணத்திலிருந்து ஈடு செய்யுங்கள். இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டும். தடை மட்டும் போட்டால் அது மாசாய்களிடமிருந்து மறுபடியும் பறிப்பதாகிவிடும்.

இந்த மடலைப் படிக்கும் நம் ஆட்களிடமும் கொஞ்சம் பேச வேண்டும். நைரோபியில் ஒரு பகல் கிடைத்தால் ஷாப்பிங் மாலில் கழிக்காமல் இந்தப் பூங்காவுக்குப் போங்கள். சிங்கத்தைக் காட்டு, சிங்கத்தைக் காட்டு என்று ஓட்டுநரை விரட்டாதீர்கள். வேன்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஒரு விலங்கைச் சூழ்வது பயணிகள் கொடுக்கும் நெருக்கடியால்தான். மற்ற ஓட்டுநர்களிடமிருந்து வேன் வானொலியில் சிங்கம் என்று செய்தி வந்தாலும், இந்த எருமைகளோடேயே இருக்கலாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் ஓட்டுநர் முகமே மலரும். நகரத்தைப் பின்னணியாக வைத்துப் படம் எடுத்த பிறகு வண்டியைத் தெற்கே திருப்பச் சொல்லுங்கள். முடிந்தால் அடுத்த நாள் அக்கரையில் உள்ள சமூகக் காப்பகத்துக்கும் போங்கள். அங்கே மாசாய் பெண்கள் கோர்த்த மணிமாலைகளைப் பேரம் பேசாமல் வாங்குங்கள்.

அதிகாரிகளே, இந்த ஆண்டுக்கான விலங்குத் தடங்களின் வரைபடத்தையும், அவற்றில் எத்தனை ஏக்கர் குத்தகைக்குள் இருக்கிறது, எத்தனை ஏக்கர் விற்பனைக்குப் போய்விட்டது என்ற கணக்கையும் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடுங்கள். லங்காட்டா வாசலில், டிக்கெட் சரிபார்க்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே அதை மாட்டி வையுங்கள். ஆண்டுதோறும் மாற்றுங்கள். நாங்கள் வரிசையில் நிற்கும்போது படித்துக்கொள்கிறோம். ஏக்கர் குறைந்தால் உங்களிடம் வந்து கேட்போம்.

மரியாதையுடன்,
நைரோபியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் சார்பில்